இரண்டங்குல நாடா

ஐம்பது அடி நாடா.
எரிமலைப் பாறையை உருக்கி நூற்றதென்று
பெட்டியில் போட்டிருந்தது.
நம்பினேனா தெரியாது. வாங்கினேன்.

வாளித் தண்ணீரில் ஊறப்போட்டதும்
ஆறிய தேநீர் நிறத்தில் கலங்கியது.
டாண்டினோங்கில் தை மாதம்.
காலை எட்டுக்கே கராஜின் தகரக் கூரை சடசடத்தது.
நாற்பத்துமூன்று என்றது வானொலி,
நெருப்பு மூட்டத் தடை என்றும்.
நான் வெயிலுக்காக இதைத் தொடங்கவில்லை.

போன ஞாயிறு
கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் துஷ்யந்தி.
வலது கெண்டைக்காலில்
புளியங்கொட்டை நிறத்தில் ஒரு தழும்பு,
நாலு விரல் நீளம்.
அதற்குமேல் இன்னொன்று,
இளஞ்சிவப்பாய், அண்மையது.
"எப்ப?"
"முதலாவது போன வருசம். ஹீத்தர்டன் ரோட்டுச் சந்தியில."
"ஏன் சொல்லேல்லை?"
நகத்தை ஊதியபடி சொன்னாள்:
"சொன்னால் என்னை ஏத்தமாட்டியள்."

பதினொரு மாதம்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
எஞ்சின் துடிப்பில் நான் சொக்கிப்போயிருக்க,
முதுகுக்குப் பின்னால் ஒருத்தி
காலை அகட்டிக் காற்றில் பிடித்துக்கொண்டு
பச்சைக்குக் காத்திருந்திருக்கிறாள்.
இடுப்பை அப்படி இறுக்கிப் பிடித்ததை
நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன்.

இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன்.
மூன்றாவது சரிந்தது, நாலாவது தொங்கியது.
முழங்கை வரை தூள் ஏறிக் கடி.
பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையோடு வந்தாள்,
பார்த்தாள்,
எல்லாவற்றையும் அவிழ்த்தாள்.

முதியோர் இல்லத்தில் அவளுக்கு
ஒரு நாளைக்கு ஒன்பது வீங்கிய கால்கள்.
கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை
பாதிக்குமேல் பாதி ஏற்றிக் கட்டுவாள்.
"இழுவை ஒரே மாதிரி இருக்கவேணும்.
தளர்ந்தால் வழுகும்" என்றாள்.
பைப்பின் வால்பக்கம் தொடங்கி
வளைவில் ஒரு மூச்சு நிறுத்தி
எஞ்சின் வரை ஏறினாள்.
நான் சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
எஃகுப் பட்டியை எடுத்துக் கொடுத்தேன்,
அவ்வளவுதான்.
"வலிக்குதா அப்பு?" என்று
பைப்பிடம் கேட்டாள், தமிழில்.
வேலையிடத்துப் பழக்கம்.

ஸ்டார்ட் பண்ணியதும் புகைந்தது.
ஈர நாடாவிலிருந்து வெள்ளை வெள்ளையாய்,
கராஜ் வாசல் கடந்து, வேலி கடந்து.
பக்கத்து வீட்டு நஜீபுல்லா
வெறுங்காலோடு ஓடி வந்தார்,
கையில் தோட்டத்துக் குழாய், தண்ணீர் பாய்ந்தபடி.
முதலில் நனைந்தது நான்.
துஷ்யந்தி நிலத்தில் குந்தி
மஞ்சள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அவருக்கு விளக்கம் சொல்லி முடிக்கையில்
புகையும் முடிந்திருந்தது.

இப்போது
ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடிக்கலாம்.
தொட்டால் சுடும்தான்.
ஆனால் அது தொடத் தேவையில்லாத சூடு.
நாடாவுக்குள் ஈரம் நிற்கும்,
இரண்டு மாரியில் பைப் துருப்பிடித்துப் போகும்
என்று மெக்கானிக் சொன்னான்.
"பிடிக்கட்டும். பைப் கடையில விக்கிறாங்கள்" என்றாள்.

மாசி போய்விட்டது.
விளக்குச் சிவந்தால் இன்னும்
அவள் முழங்கால் விலகுவதைக் கண்ணாடியில் காண்கிறேன்.
பழகிய கால்.
ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று அதே சந்தி, நீளமான சிவப்பு.
விலகிய முழங்கால் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு தன்பாட்டில்,
யாரும் கேளாமல், மெல்ல உள்ளே வந்தது.
இடுப்பைப் பிடித்த கை மட்டும்
தளரவில்லை.
பச்சை விழுந்து, பின்னால் ஹோர்ன் அடிக்கும்வரை
நான் அதைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.